திருச்சில பனி பெய்ய வெச்ச கதை

போன நவம்பர்ல கொழுந்தனார் ஜெர்மனிலேர்ந்து வந்தப்ப என் பையனுக்கு ஒரு ஸ்னோ குளோப் வாங்கிட்டு வந்தாரு. கண்ணாடி உருண்டை, உள்ள ஒரு குட்டி வீடு, ரெண்டு மரம், கவுத்து நிமித்தி வெச்சா பனி கொட்டும், அவ்ளோதான். சரியா ஒம்போது நாள் உசுரோட இருந்துச்சு. பத்தாவது நாள் டிவி ஸ்டாண்ட தொடைக்கறேன் பேர்வழின்னு நானே தட்டி விட்டுட்டேன், பையன் மேல பழி போடவும் வழியில்ல, அவன் ஸ்கூல்ல இருந்தான். கண்ணாடிய கூட்டி அள்ளிட்டு ஈரத்துணி போட்டா தரை வழுவழுன்னு வழுக்குது, மூணு தடவ சோப்பு போட்டும் டைல்ஸ்ல பிசுக்கு போகல. அப்பதான் தெரிஞ்சுது உள்ள இருக்கறது வெறும் தண்ணி இல்லன்னு. ஒண்ணு மட்டும் இங்கயே சொல்லிடறேன், கடைல வாங்கற குளோப் சிலதுல எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும், கார் ரேடியேட்டர் கூலன்ட்ல இருக்குமே அதே சமாச்சாரம், இனிப்பா இருக்கும், குழந்தையோ நாய் பூனையோ நக்கினா கிட்னிக்கு ஆபத்து. உங்க வீட்ல உடைஞ்சா முதல்ல சின்னதுங்கள அந்தப் பக்கம் துரத்துங்க, கண்ணாடிய அப்புறம் பாத்துக்கலாம்.

சாயங்காலம் வந்தவன் அழல, அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு. "நீயே செஞ்சு குடும்மா"ன்னான். சரிடா என்ன பெரிய விஷயம்னு சொல்லிட்டேன். உள்ள என்ன வெக்கணும்னு கேட்டா மொட்டமாடிய கை காட்றான். நாங்க இருக்கறது உறையூர், மாடிக்குப் போனா மலைக்கோட்டை நேரா தெரியும். "அது மேல பனி பெய்யணும்."

முதல் பாட்டில் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது, ஒரு ராத்திரில செத்தும் போச்சு. காலி ஜாம் பாட்டில், போர் தண்ணி, பனிக்கு தெர்மோகோல் உருண்டை. தெர்மோகோல் மிதக்கும்னு அஞ்சாங்கிளாஸ் பையனுக்கே தெரியுது, எனக்கு ஊத்தி மூடி குலுக்கினதுக்கு அப்புறம்தான் உறைச்சுது. கவுத்தா பனி கீழேர்ந்து மேல போகுது. அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். உடனே அத எடுத்துட்டு ரவைய போட்டேன், அது அழகாவே விழுந்துச்சு, படுக்கப் போறப்ப நான்தான் கெட்டிக்காரின்னு நெனச்சுட்டு படுத்தேன். காலைல பாத்தா ரவை ஊறி உப்பி அடில கஞ்சி மாதிரி கெடக்கு, மூணாம் நாள் மூடிய தொறந்தா புளிச்ச மாவு வாடை.

அப்புறம் தேடிப் படிக்கறப்ப ஒரு விஷயம் பாத்தேன், கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. இந்த ஸ்னோ குளோப்ப இன்னிக்கு இருக்கற மாதிரி கொண்டு வந்தவரு எர்வின் பெர்ஸி, வியன்னாக்காரரு, ஆபரேஷன் கருவிங்க செய்யறதுதான் தொழில். 1900ல ஆபரேஷன் ரூமுக்கு லைட் வெளிச்சம் கூடுதலா வேணும்னு முயற்சி பண்ணிருக்காரு. அந்தக் காலத்துல அங்க செருப்பு தெக்கிறவங்க தண்ணி நெரப்பின கண்ணாடி உருண்டைய விளக்கு முன்னாடி தொங்க விட்டு வெளிச்சத்த தையல் மேல குவிப்பாங்களாம், அதே யோசனைய பல்புக்கு வெச்சு, தண்ணிக்குள்ள வெளிச்சத்த சிதற விடறதுக்கு என்னென்னமோ போட்டுப் பாத்திருக்காரு. அதுல ஒண்ணு ரவை. மெதுவா விழற ரவைய பாத்ததும் பனி ஞாபகம் வந்து, ஆபரேஷன் லைட்ட விட்டுட்டு உள்ள ஒரு குட்டி சர்ச்ச வெச்சுட்டாரு, மரியாட்செல்னு அவங்க ஊர்ப்பக்கம் யாத்திரை போற கோயில். அந்தக் குடும்பம் வியன்னாவுல இன்னிக்கும் இதத்தான் செஞ்சுட்டு இருக்கு, பனி எதுல பண்றாங்கங்கறது மட்டும் வீட்டு ரகசியம். ஆக ரவை போட்டது நான் மட்டும் இல்ல.

கோயில்னதும் எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து. மலைக்கோட்டைனா உச்சில பிள்ளையார் இருக்கணும்ல, கொலு பெட்டிலேர்ந்து சுண்டு விரல் சைஸ் பிள்ளையார் ஒண்ண எடுத்து வெச்சிருந்தேன். அத்தை பாத்துட்டாங்க.

"ஏம்மா, இவர உள்ள வெச்சுட்டு நீயும் உம் புள்ளையும் தலைகீழா கவுத்துக் கவுத்துக் குலுக்கப் போறீங்களா?"

"சும்மா விளையாட்டுக்குத்தான் அத்தை..."

"தண்ணில போட்டா கரைச்சாச்சுன்னு அர்த்தம். சதுர்த்தி இல்லாத நாள்ல பிள்ளையார கரைக்கற ஆள நான் பாத்ததே இல்ல."

எனக்கு பதில் வரல. பிள்ளையார் பத்திரமா பெட்டிக்குப் போயிட்டாரு. அவருக்குப் பதிலா டெஸ்ட்டுக்கு ஒரு கொலு யானைய போட்டேன், அதுவும் நல்லதாப் போச்சு, ஏன்னா ரெண்டே நாள்ல யானை மேல அடிச்ச பெயின்ட் உரிஞ்சு தண்ணி காவி கலராச்சு, தும்பிக்கை கழண்டு அடில கெடந்துச்சு. பிள்ளையார் இருந்து அவருக்கு அப்படி ஆயிருந்தா அன்னிலேர்ந்து எனக்கு வீட்ல சோறு கெடையாது. கொலு பொம்மைக்கு மேல அடிக்கறது தண்ணிக்குத் தாங்கற கலர் இல்ல, பேப்பர் கூழ்ல செஞ்சதா இருந்தா மொத்தமாவே ஊறிடும். மரம், ஐஸ் குச்சி, அட்டை எதுவும் உள்ள போகக் கூடாது. இரும்பு ஆணி, கம்பி, ஊக்கு எதுவும் கூடாது, ஒரு வாரத்துல துரு. பிளாஸ்டிக், கண்ணாடி, கூழாங்கல், எபாக்சி புட்டி, இந்த நாலும் தாராளமா போகலாம்.

நான் கடைசில மலைக்கோட்டைய எபாக்சி புட்டிலதான் பிடிச்சேன், பைப் லீக் அடைக்கறதுக்கு ஹார்ட்வேர் கடைல ரெண்டு துண்டா தருவாங்களே, ரெண்டையும் சேத்து பிசைஞ்சா அரை மணி நேரம் களிமண் மாதிரி வளையும், அப்புறம் கல்லு. கையில க்ளவுஸ் போட்டுக்கங்க, நான் போடாம ரெண்டு நாள் விரல் நுனி அரிச்சுட்டே இருந்துச்சு. காஞ்சா அதுவே சாம்பல் கலர்தான், பாறைக்கு தனியா பெயின்டே வேணாம். நிஜத்துல 83 மீட்டர் ஒசரம், என்னோடது நாலரை சென்டிமீட்டர். உச்சில மண்டபத்த ஊசி முனையால கீறி, சுவத்துல காவியும் வெள்ளையும் பட்டை பட்டையா வேணுமேன்னு நெயில் பாலிஷ் வெச்சேன், செவப்பு என்னோடது, வெள்ளை பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட வாங்கினது. நெயில் பாலிஷ் தண்ணிலயும் கிளிசரின்லயும் கரையாது, நாலு மாசம் ஆச்சு அப்படியே இருக்கு.

அடுத்தது எல்லாரும் கேக்கற விஷயம், பனி. ஜிகினா போட்டா வேலை சுளுவு, ஃபேன்சி ஸ்டோர்ல பாக்கெட்ல கெடைக்கும், ஆனா அது பள பளன்னு கல்யாண ரிசப்ஷன் மாதிரி இருக்கு, பனி மாதிரி இல்ல. முட்டை ஓட்ட உள்தோல் உரிச்சு காய வெச்சு இடிச்சுப் பாத்தேன், நல்ல வெள்ளை, ஆனா அது சுண்ணாம்பு, தண்ணிய விட ரெண்டு மடங்குக்கு மேல கனம், குலுக்கி நிமித்தறதுக்குள்ள மொத்தமும் தரைக்கு வந்துடுது. தேவைப்பட்டது தண்ணிய விடக் கொஞ்சமே கொஞ்சம் கனமான வெள்ளைப் பொருள். ஒரு வாரம் இதே யோசனைல சுத்தினேன். அப்ப வீட்ல ஏசிக்கு தனி லைன் இழுத்துட்டு இருந்தாங்க, எலக்ட்ரீஷியன் தம்பி வெள்ளை பிவிசி பைப்ப ஆக்சா பிளேடால அறுக்கறாரு, கீழ வெள்ளையா பொடி கொட்டுது. நான் அத பேப்பர்ல அள்ளறத பாத்துட்டு "அக்கா விடுங்க நானே கூட்டிடறேன்"ங்கறாரு பாவம். பிவிசி தண்ணிய விட ஒண்ணே கால்லேர்ந்து ஒண்ணரை மடங்குக்குள்ள கனம், மூழ்கும் ஆனா அவசரப்படாது. அவர்கிட்ட ஒரு முழம் மிச்ச பைப் வாங்கி, ராத்திரி பால்கனில ஒக்காந்து சொரசொரப்பான அரத்தால ராவினேன். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். வெட்டவெளில ஃபேன் இல்லாம பண்ணுங்க.

ராவினத அப்படியே போட்டா ரெண்டு தொல்லை. மாவு மாதிரி இருக்கற தூள் கீழ எறங்காம தண்ணிய கலங்கலா வெச்சுடும், அதனால ஒரு டம்ளர் தண்ணில போட்டு அரிசி களையற மாதிரி களைஞ்சு, அரை நிமிஷம் விட்டு மேல நிக்கற கலங்கல கொட்டிடணும், அஞ்சாறு தடவ. பெரிய துருவல் வேணாம்னா முன்னாடியே டீ வடிகட்டில சலிச்சுக்கங்க. ரெண்டாவது, பிளாஸ்டிக் பொடி தண்ணில ஒட்டாது, மூழ்க வேண்டியதும் மேல தோல் மாதிரி மிதக்கும், அதுக்கு பாத்திரம் கழுவற லிக்விட் ஒரே ஒரு சொட்ட அந்த டம்ளர்ல விட்டு கலக்கி ஊற வெச்சா எல்லாம் நனைஞ்சு எறங்கிடும். பாட்டிலுக்குள்ளயே சோப்ப விடாதீங்க, குலுக்கறப்ப நுரை கட்டிக்கும், எனக்கு ஒரு பாட்டில் பூரா அப்படி பீர் மாதிரி ஆச்சு.

இனி தண்ணி. போர் தண்ணி எங்க ஏரியால அவ்வளவு உப்பு, கெட்டில்ல வெள்ளையா படியற அதே படிவு பாட்டில் சுவத்துலயும் படிஞ்சுது. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன், பேட்டரி கடைல கேன்ல கெடைக்கும், பக்கத்துலயே பேட்டரி ஆசிட் கேனும் அதே மாதிரி இருக்கும், லேபிள் படிச்சுட்டு எடுங்க ப்ளீஸ். அத கொதிக்க வெச்சு மூடி ஆற விடணும். ஏன்னா தண்ணில கரைஞ்சிருக்கற காத்து அடுத்த நாள் சின்னச் சின்ன முத்தா பொம்மை மேல ஒட்டிக்கும். எனக்கு மலைக்கோட்டைக்கு அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு.

கெடாம இருக்கறதுக்குன்னு ஒரு அதிபுத்திசாலி வேலை பண்ணேன், காயத்த கழுவ தண்ணில கலப்போமே அந்த பிரவுன் கலர் கிருமிநாசினி, அதுல அரை மூடி. ஊத்தின செகண்ட்ல பாட்டில் பால் ஆயிடுச்சு. அது தண்ணில பட்டா வெளுக்கும்னு பொறந்ததுலேர்ந்து குளிக்கற பக்கெட்ல பாத்திருக்கேன், ஆனா கை அந்த நேரத்துல கேக்கல. மலைக்கோட்டை மொத்தமா மறைஞ்சு போச்சு. வீட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு "பனிமூட்டம் நல்லா வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. அப்புறம் பண்ணதுல வேற ஒண்ணும் சேக்கல, பாட்டிலயும் மூடியயும் வெந்நீர்ல நல்லா அலசி, உள்ள வெறுங்கை படாம வேலை பாத்தேன், அவ்வளவுதான், இது வரைக்கும் பாசி கட்டல.

பனி மெதுவா விழறதுக்குத்தான் கிளிசரின். மெடிக்கல் ஷாப்ல 100 மில்லி பாட்டில், ரெண்டு நாள்ல அஞ்சு வாங்கவும் கடைக்காரரு "கேக் ஆர்டர் எடுக்கறீங்களாக்கா"ன்னு கேட்டாரு. 500 கிராம் ஜாம் பாட்டில்ல சுமாரா 370 மில்லி பிடிக்கும், அதனால பாதிக்குப் பாதி கலக்கணும்னாலே ரெண்டு பாட்டில் கிளிசரின் போயிடும். பையன் கையில ஸ்டாப் வாட்ச் குடுத்தேன், நான் குலுக்கி வெப்பேன், கடைசி துருவல் எறங்கற வரைக்கும் அவன் எண்ணுவான். வெறும் தண்ணில 7 செகண்ட். கால் பங்கு கிளிசரின்ல 18. பாதிக்குப் பாதில 52. அந்த 52தான் கண்ணுக்கு பனி மாதிரியே இருந்துச்சு, ஒவ்வொண்ணும் அதோட இஷ்டத்துக்கு ஆடி ஆடி எறங்குது. இவ்வளவு நல்லா இருக்கேன்னு பேராசைல சுத்த கிளிசரின்லயே ஒண்ணு பண்ணேன், காலைல குலுக்கினது மதியம் சாப்பாட்டு நேரத்துக்கும் முழுசா எறங்கல. கண்ணாடிக்குள்ள தேன்ல மாட்டின எறும்பு மாதிரி அப்படியே நிக்குது. காத்துக் குமிழி கூட மேல வர மனசில்லாம நடுவுல தொங்குது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்னு அவன் கேட்டான். கிளிசரின் தண்ணிய விட கனமும் ஜாஸ்தி, 100 மில்லி எடை போட்டா 126 கிராம் வரும், அதனால பொடிக்கும் அதுக்கும் உள்ள எடை வித்தியாசம் கொறையும். ஆனா முக்கியமா அது கொழகொழப்பு, பல நூறு மடங்கு. சூட்டுக்கும் அதுக்கும் ஒத்தே வராது, 20 டிகிரில இருக்கற கொழகொழப்பு 30ல பாதியாயிடும். 52 செகண்ட் பாட்டில ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்துக் குலுக்கினோம், ரெண்டு நிமிஷத்துக்கு மேல போச்சு. தயிர் வெச்ச எடத்துல மலைக்கோட்டை இருக்கறத பாத்து அத்தை ஒண்ணுமே சொல்லல, வெறும் பார்வைதான். பொடி சைஸும் அதே மாதிரி கணக்கு, துருவல் பாதி சைஸ் ஆனா விழற வேகம் கால்வாசி ஆகும், அதனாலதான் சலிக்கறதுல அவ்வளவு அடம் புடிச்சேன்.

பொம்மைய மூடியோட உள்பக்கம் ஒட்டணும், பாட்டில் தலைகீழா அந்த மூடி மேலதான் நிக்கும். இந்த ஒட்டற கதைல நான் ரெண்டு பாட்டில் தோத்தேன். அஞ்சு ரூபா உடனடி பசை உடனே ஒட்டுச்சு, கூடவே மூடி பூரா வெள்ளையா பூத்துச்சு, நாலாம் நாள் மலைக்கோட்டை கழண்டு பாட்டிலுக்குள்ள அங்கயும் இங்கயும் உருண்டுச்சு. க்ளூ கன் பசை மூடியோட வழவழப்புல புடிக்கவே இல்ல, தோசை மாதிரி முழுசா உரிஞ்சு வருது. சரியா வந்தது ரெண்டு ட்யூப் கலக்கற எபாக்சி, அரால்டைட் மாதிரி, அதுவும் மூடியோட உள்பக்கத்த உப்புத்தாள்ல நல்லா தேச்சு சொரசொரப்பாக்கிட்டு. ஆனா தகர மூடில அந்த உள்பூச்சு தேஞ்ச எடத்துலதான் துருப் பிடிக்கும், அதனால நான் அகலமான பிளாஸ்டிக் மூடி பாட்டிலுக்கு மாறிட்டேன். ஒட்டிட்டு ஒரு முழு நாள் தொடாதீங்க. நான் தொட்டேன். என்னோட ஒரு மலைக்கோட்டை சாய்ஞ்ச கோபுரம் ஆனது அதனாலதான்.

நெரப்பறப்ப பாட்டில ஒரு பேசின்ல வெச்சு விளிம்பு வழியற வரைக்கும் ஊத்தி, மூடிய தலைகீழா பிடிச்சு பொம்மைய மெதுவா சாய்ச்சு எறக்கணும், அது எடத்த அடைச்சுட்டு மிச்சத்த வெளிய தள்ளும், பேசின் இல்லன்னா கிச்சன் மேடை எங்க வீட்டு டைல்ஸ் மாதிரி ஆயிடும். மரையில மொதல்ல பிளம்பர் டெஃப்லான் டேப் நாலு சுத்து, மூடினதுக்கு அப்புறம் வெளிப்பக்கம் மீன் தொட்டி சிலிகான். வினிகர் வாடை அடிக்கும், அது போகற வரைக்கும் ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள கவுக்காதீங்க. காத்தே இல்லாம மூடினா பெருமையா இருக்கும், ஆனா நம்ம ஊருக்கு அது ஒத்து வராது. டிசம்பர் ராத்திரி நெரப்பினது மே மாசம் 40 டிகிரில உப்பும், 370 மில்லில ரெண்டு மில்லிக்குக் கொறையாம, அந்த ரெண்டு மில்லி எங்க போகும், மூடி ஓரமாத்தான். அதனால சின்ன நெல்லிக்காய் சைஸ்ல ஒரு குமிழி விட்டேன். பாட்டில் தலைகீழா நிக்கறதால அது மேல இருக்கற அடிப்பக்கத்து ஓரத்துல போய் ஒதுங்கிக்குது.

ஒண்ண மட்டும் எந்தக் கணக்குலயும் நான் சேக்கல. வெளிய இருந்தப்ப கச்சிதமா இருந்த மலைக்கோட்டை தண்ணிக்குள்ள போனதும் ரெண்டு பக்கமும் உப்பிடுச்சு, ஒசரம் அதேதான், அகலம் மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு. உருளையான பாட்டில் தண்ணியோட சேந்து பக்கவாட்டுல மட்டும் பூதக்கண்ணாடி ஆயிடுது, உருண்டை கண்ணாடினா எல்லாப் பக்கமும் சமமா பெருசாக்கும். அந்த செருப்பு தெக்கிறவங்க விளக்கு விஷயமே இதுதான்னு அப்பதான் பிடிபட்டுச்சு. திரும்ப புட்டி வாங்கி வேணும்னே ஒல்லியா, ஓமக்குச்சியா ஒரு மலைக்கோட்டை பிடிச்சேன், பாட்டிலுக்குள்ள போனதும்தான் அது நிஜ மலைக்கோட்டை ஆச்சு.

இதே காரணத்தால ஜன்னல் ஓரத்துல வெக்காதீங்க. காலை வெயில் பட்டு கீழ கெடந்த பேப்பர் மேல கண்ணு கூசற மாதிரி ஒரு கோடு விழுந்துச்சு, விரல வெச்சுப் பாத்தேன், சுட்டுச்சு. அன்னிக்கே எடத்த மாத்தி ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டேன், வெயிலும் படாது, துடைக்கறப்ப என் கையும் படாது.

இப்ப அங்க ரெண்டு நிக்குது, ஒண்ணு சாய்ஞ்ச கோபுரம், ஒண்ணு நேர் கோபுரம். மார்ச் வந்ததும் நேர் கோபுரத்துல பனி 52லேர்ந்து 40க்கு வந்துடுச்சு, வெயில்தான் காரணம்னு பையன் நோட்டுல எழுதி வெச்சிருக்கான். போன வாரம் மத்தியானம் தூங்கி எழுந்து வந்தா அத்தை ஸ்டூல் மேல ஏறி நின்னு சாய்ஞ்ச கோபுரத்த கவுத்துட்டு இருக்காங்க. என்ன அத்தைன்னு கேட்டேன்.

"இதுலதான் பிள்ளையார் இல்லல்ல"ன்னு சொல்லிட்டு இன்னொரு தடவ கவுத்தாங்க.